ஐஸ் நீரில் குளித்தால் எடை குறையுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கும் எனக்கு வயது 46. பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறேன். உணவைக் குறைத்தும் எடை இறங்கவில்லை. ஐஸ் போட்ட நீரில் குளித்தால் கபிலநிறக் கொழுப்பு வேலைசெய்து எடை குறையும் என்கிறான் மகன். செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். திடீர்க் குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைச் சட்டென உயர்த்தும் என்பதால், உங்களுக்கு அது ஆபத்தாகலாம். ஆயினும் மகன் சொல்வது வெறும் கதையன்று.

வெள்ளைக் கொழுப்பு சக்தியைச் சேமிக்கிறது; கபிலநிறக் கொழுப்பு அதை எரித்து வெப்பமாக்குகிறது. குழந்தைகளிடம் மட்டுமே முக்கியமானதாக நெடுங்காலம் கருதப்பட்ட இது, பெரியவர்களின் கழுத்திலும் காறையெலும்பின் மேற்புறத்திலும் இயங்குவதை 2009இல் வெளியான ஸ்கேன் ஆய்வுகள் உறுதிப்படுத்தின. ஆனால் அது மூளையின் கட்டளைக்குக் கட்டுப்பட்டது. தோலிலுள்ள நரம்பு நுனிகள் உணர்ந்த குளிர், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலமஸ் என்னும் கட்டுப்பாட்டு மையத்தை எட்டியதும், அங்கிருந்து மூளைத்தண்டு வழியாக, நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் பரிவு நரம்புகளில் இறங்கும் தூண்டல் கொழுப்புக் கலங்களில் நொரட்ரெனலின் என்னும் இரசாயனத் தூதைச் சுரக்கச் செய்ய, கலங்களின் சக்தி நிலையங்களான இழைமணிகளிலுள்ள யூசிபி1 என்னும் புரதம், ஏடிபி என்னும் சக்தி மூலக்கூறாகச் சேரவேண்டிய சக்தியை வெப்பமாக வெளியேற்றுகிறது.

சிக்கல் என்னவென்றால், பசியை ஆள்வதும் அதே ஹைப்போதலமஸ்தான். குளிரில் கூடுதலாகச் செலவான சக்தியை ஈடுசெய்ய அது பசியைக் கூட்டக்கூடும்; குளித்துவிட்டு வந்து வழமையைவிட இரண்டு இடியப்பம் கூடுதலாக உண்டால் கணக்குச் சரியாகிவிடும்.

ஜப்பானிய ஆய்வொன்றில் இளைஞர்கள் 17 பாகை செல்சியஸ் குளிரில் நாளுக்கு 2 மணித்தியாலம் வீதம் 6 வாரங்கள் இருந்தபோது உடற்கொழுப்பு சற்றுக் குறைந்தது. ஆண்டு முழுவதும் வெக்கையான கொழும்பில் சில நிமிடக் குளியலை அதனோடு ஒப்பிட முடியாது. சிறுநீர்ப்பைக்கான மிராபெக்ரொன் மாத்திரையும் 200 மில்லிகிராம் அளவில் இக்கொழுப்பைத் தூண்டியது. வழக்கமான உச்ச அளவின் நான்கு மடங்கான அது இதயத் துடிப்பையும் அழுத்தத்தையும் உயர்த்தியது. எனவே இதற்கென விற்கப்படும் எந்த மாத்திரையையும் நீங்களாக வாங்க வேண்டாம்.

உங்கள் பிரஷர் மாத்திரை, நொரட்ரெனலினின் வேலையைத் தடுக்கும் பீட்டா தடுப்பி வகையாயின் இத்தூண்டலை அது மட்டுப்படுத்தக்கூடும். அதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள். தைரொயிட் சுரப்புக் குறைந்தாலும் சக்திச் செலவு குறையும் என்பதால், அடுத்த முறை கிளினிக் செல்லும்போது தைரொயிட்டின் இயக்கத்தை அறிய உதவும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை செய்யலாமா என உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.