வாசகர் கேள்வி பதில்: மாப்பிள்ளை விரல் 'க்யூ'ன்னா நம்ம கடைல என்ன நம்பர்?

கேள்வி: அக்கா வணக்கமுங்க, எங்க ஊரு கொழிஞ்சாம்பாறை. தை மாசம் மகளுக்கு கல்யாணம் வச்சிருக்கோம், மாப்பிள்ளைக்கு இங்கிலாந்துல வேலை. மோதிரம் எடுக்க விரல் அளவு கேட்டா 'க்யூ'ன்னு ஒத்த எழுத்த அனுப்பிட்டாருங்க. பாலக்காட்டுல கடைல அதைக் காட்டினா நம்பர் சொல்லுங்கங்கறாங்க. அவங்க வீட்டுலயும் மகளோட அளவ எழுத்துலதான் கேக்குறாங்க, இங்க அவளுக்கு 12ஆம் நம்பர் போடறோம். எப்படிங்கக்கா மாத்தறது?

பதில்: மாப்பிள்ளைக்கு நம்ம கணக்குல 17க்கும் 18க்கும் நடுவுல வருதும்மா, 18 எடுத்துக்கங்க. மகளுக்கு 'எல்'லும் அரையும்னு சொல்லிருங்க, அவங்க ஊரு கடைல அரை எழுத்தும் உண்டு.

இது எப்படி வந்துச்சுன்னும் சொல்லிடறேன், ஏன்னா நாளைக்கு சம்பந்தி வீட்டுல வேற யாருக்காவது எடுக்க வேண்டி வந்தா நீங்களே போட்டுப் பாத்துக்கலாம். இங்கிலாந்துல 'ஏ'ங்கற மோதிரத்தோட உள்சுத்தளவு 37.5 மில்லிமீட்டர், அதுக்கப்புறம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்னேகால் மில்லிமீட்டர் கூடிட்டே போகும். 'ஏ'ல இருந்து 'க்யூ'வுக்கு 16 படி, 16 ஒன்னேகால் 20, ஆக 57.5 மில்லிமீட்டர். நம்ம ஊரு கடைங்கள்ல போடற நம்பர் என்னன்னா, அந்த உள்சுத்தளவுல 40 கழிச்சது, அவ்வளவுதான். 57.5ல 40 போனா பதினேழரை. மகளோட 12ங்கறது அப்போ 52 மில்லிமீட்டர், அதைத் திருப்பிப் போட்டா 'எல்'லுக்கு மேல அரை எழுத்து வருது. இத்தாலி, ஸ்பெயின்லயும் இதே 40 கழிக்கற கணக்குதான், அதனால அங்க இருக்கறவங்க நம்பர் சொன்னா அப்படியே எடுத்துக்கலாம். பிரான்ஸ்ல கழிக்கறதே இல்ல, 54ன்னு சொன்னா 54 மில்லிமீட்டர், எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை அதுதான், யாரும் ஏமாற வழியே இல்ல.

அமெரிக்காக்காரங்க நம்பர்கிட்டதான் ரொம்ப கவனமா இருக்கணும், பாக்கறதுக்கு நம்ம நம்பர் மாதிரியே இருக்கும் ஆனா வேற. இதுல எங்க வீட்டுலயே ஒரு தடவ அடி வாங்கியிருக்கோம். சித்தூர்ல அப்பாவுக்கு நகைப் பட்டறை இருந்துச்சு, ஒரு மாப்பிள்ளைக்கு அமெரிக்காவுல இருந்து 9ன்னு எழுதி வந்துது, அப்பா நம்ம 9ன்னு நெனச்சு அரைப் பவன்ல மோதிரம் செஞ்சிட்டாரு. நம்ம 9ன்னா உள்சுத்தளவு 49 மில்லிமீட்டர், அமெரிக்க 9ன்னா ஐம்பத்தொன்பதரை. நிச்சயத்துக்கு மொத நாள் சாயந்திரம் போட்டுப் பாக்கறாங்க, நகத்தத் தாண்டி மொத கணுவுலயே நின்னு போச்சு. ரெண்டு வீட்டு ஆளுகளும் அந்த விரலையே பாத்துட்டு நிக்கறாங்க, அப்பா ஒரு வார்த்தை பேசல, வாங்கிட்டு வந்து கூடக் கொஞ்சம் தங்கம் சேத்து உருக்கி விடியற வரைக்கும் உக்காந்து புதுசா அடிச்சுக் கொடுத்தாரு. அந்த ராத்திரி ஊதுகுழாய் சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் பட்டறைல யார் நம்பர் சொன்னாலும் "எந்த ஊரு நம்பருங்க, மில்லிமீட்டர் எத்தனைங்க"ன்னு கேக்காம அவரு தங்கத்தத் தொட்டதே இல்ல.

அமெரிக்கக் கணக்கு உள்விட்டத்த வச்சுப் போகுது, ஒரு நம்பர் கூடினா விட்டம் 0.8 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல கூடும், சுத்தளவுல பாத்தா இரண்டரை மில்லிமீட்டர். அதனால அவங்க ஒரு நம்பர் தப்பினா நம்மளுது இரண்டரை நம்பர் தப்பின மாதிரி. ஜப்பான்ல விட்டம் 13 மில்லிமீட்டர்னா 1ஆம் நம்பர், மூணுல ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு ஒரு நம்பர் ஏறும். இப்ப 54 மில்லிமீட்டர் சுத்தளவு வர ஒரே விரல எடுத்துக்கங்க, இங்க 14, இத்தாலில 14, பிரான்ஸ்ல 54, இங்கிலாந்துல 'என்', அமெரிக்காவுல 7க்கு ஒரு நூல் கம்மி, ஜப்பான்ல 13க்கும் 14க்கும் நடுவுல. விரல் ஒன்னுதான், பேரு மட்டும் இத்தனை. ஐஎஸ்ஓ 8653ன்னு உலகப் பொதுத் தரம் ஒன்னு இருக்கு, அதுவும் உள்சுத்தளவ மில்லிமீட்டர்லதான் சொல்லுது. அதனால மாப்பிள்ளைகிட்ட இப்பவே போன் போட்டு, எழுத்து இருக்கட்டும் தம்பி, மில்லிமீட்டர் எத்தனைன்னு கேட்டு வாங்கிருங்க, 57.5ன்னு சொன்னா சரியா இருக்கு.

கேள்வி: நான் மூணாறுங்க, மாமியார் வீடு போடி. மூணாறுல காலைல மோதிரம் கழண்டு விழற மாதிரி இருக்கு, போடி இறங்கினா இறுக்குது. அளவு தப்பா எடுத்துட்டாங்களா?

பதில்: இல்லம்மா, அளவு தப்பில்ல. குளிர்ல விரல் சுருங்கும், வெயில்ல வீங்கும், அதுவும் மூணாறு குளிருக்கும் போடி வெக்கைக்கும் நல்லாவே வித்தியாசம் தெரியும். காலைல எந்திரிச்ச உடனே அளவு கொடுக்காதீங்க, சாயந்திரமா கை சாதாரணச் சூட்டுல இருக்கும்போது கொடுங்க, ரெண்டு மூணு நாள் எடுத்துப் பாருங்க. நூல் சுத்தி அளக்கறத விட்டுருங்க, நூல் இழுபடும், அதுல ஒரு மில்லிமீட்டர் போனா நம்ம கணக்குல முழுசா ஒரு நம்பர் போயிரும். மெல்லிசா வெட்டின பேப்பர் துண்டு நல்லது. கணு பெருசா இருந்தா கணுவுலயும் அளந்து, கணுவத் தாண்டி வர்ற மாதிரி பாத்துக்கங்க. பட்டையா, 8 மில்லிமீட்டர் அகலத்துல எடுக்கறதா இருந்தா ஒரு நம்பர் கூட்டிக்கங்க, அகலமான மோதிரம் விரல அதிகமாப் பிடிக்கும். இப்ப இருக்கறத பெருசு பண்ணப் போனா, சுத்திவர கல்லு வச்சதா இருந்தா கைய வைக்க வேணாம், சாதா வளையம்னா உள்பக்கம் ஹால்மார்க் முத்திரை இருக்கற இடத்த விட்டுட்டு வெட்டச் சொல்லுங்க.

கேள்வி: செங்கோட்டைல இருந்து எழுதறேன். ஆன்லைன்ல மோதிரம் 7ன்னு போட்டிருக்கு. என் மனைவிக்கு 14. அவளுக்குத் தெரியாம வாங்கணும், இது சரியா வருமா அக்கா?

பதில்: அது அமெரிக்க 7ன்னா வரும் தம்பி, நம்ம 7ன்னா சின்னப் புள்ளைக்குத்தான் ஆகும். அந்தப் பக்கத்துலயே விட்டம் 17.3ன்னு இருக்கான்னு பாருங்க. இல்லாட்டி அவங்க குளிக்கப் போறப்ப கழட்டி வைக்கற மோதிரத்த, அதே விரல்ல போடறதா பாத்து எடுத்து, உள்பக்கத்துல இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் நேரா அளந்து 3.14ஆல பெருக்குங்க, 54 பக்கம் வந்தா தைரியமா ஆர்டர் போடலாம்.