இலையுதிர் காலத் தொடக்கத்தில் சின்னப் பிள்ளைகளோடு வெளியே என்ன செய்யலாம்?

இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள், குளிர் இறுகுவதற்குள் வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒரே மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். என்னைக் கேட்டால், இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது.

பகல் குறையக் குறைய, மரம் இலையிலுள்ள பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுகிறது. அது சிதைந்து மறைந்ததும், கோடை முழுக்க அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. சிவப்பு அப்படியல்ல, பல மரங்களில் அந்த நிறமி இந்தப் பருவத்தில்தான் புதிதாக உருவாகிறது. வெயிலான பகலும் உறையாத குளிர் இரவும் தொடர்ந்து வந்தால் சிவப்பு நன்றாக ஏறும். "மஞ்சள் முன்பே உள்ளே இருந்தது" என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்த பச்சை இலையைக் கையில் எடுத்து உற்றுப் பார்க்கும்!

இலையை நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மேலே தாளைப் போட்டு, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்புகள் பதியும். சின்னது கசக்கி எறிவதிலேயே மகிழ்ந்துவிடும், விடுங்கள்.

ஒரே தடித்த குளிர்ச்சட்டையைவிட, கழற்றி மாட்ட வசதியாக மெல்லிய உடைகள் இரண்டு மூன்று நல்லது. செப்டம்பர் 22 அல்லது 23க்குப் பிறகு வடக்கு அரைக்கோளத்தில் பகலைவிட இரவு நீளும். அதனால் மாலையில் சீக்கிரமே கிளம்புங்கள். விழுந்த கொட்டைகள் தொண்டையில் சிக்கலாம். இரண்டு வயதுப் பிள்ளையின் கையை மட்டும் எப்போதும் கவனித்துக்கொண்டே இருங்கள். காளான்களைப் பார்ப்பதோடு சரி, பறிக்க விடாதீர்கள்.