ஆன்டெனாவில் வராத பொதிகை: மலைக்கிராமத்துக்கு அரசுத் தொலைக்காட்சி வரும் வழி

வாசகர் கேள்வி: எங்களுடையது கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிக்கு அப்பால் உள்ள சிற்றூர். அப்பா கூரைமேல் கட்டிய ஆன்டெனாவில் பல ஆண்டுகள் பொதிகை பார்த்தோம்; இப்போது திரையில் புள்ளிகள்தாம் ஓடுகின்றன. கேபிள் எங்கள் ஊருக்கு வரவில்லை. மாதச் சந்தா கட்டும் டிஷ் ஒன்று வைத்திருந்தோம். கட்ட இயலாமல் விட்டுவிட்டோம். அம்மாவுக்கு விவசாய நிகழ்ச்சி வேண்டும், எனக்குக் கிரிக்கெட். ஆன்டெனாவைச் சரிசெய்ய முடியுமா? எங்கள் மலைவாழைக்கு வரும் நோயைப் பற்றி நிகழ்ச்சி எடுக்கச் சொல்வதற்கு வழி உண்டா?

பதில்: உங்கள் ஆன்டெனாவில் பழுது எதுவும் இல்லை. அது பிடித்துக்கொண்டிருந்த தரைவழி ஒளிபரப்புதான் நின்றுவிட்டது. தூர்தர்ஷனின் பழைய அனலாக் ஒளிபரப்பிகளை, அதை நடத்தும் பொது ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி படிப்படியாக மூடி, 2022 மார்ச் இறுதிக்குள், எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் இருந்த ஏறத்தாழ ஐம்பதைத் தவிர மற்றவற்றை நிறுத்திவிட்டது. ஆகவே குழாயை உயர்த்துவதற்கோ கம்பியை மாற்றுவதற்கோ பணம் செலவழிக்க வேண்டாம்.

பொதிகையும் மறைந்துவிடவில்லை. 2024 ஜனவரி 19 முதல் அது 'டிடி தமிழ்' என்ற பெயரில் செயற்கைக்கோள் வழியாக வந்துகொண்டிருக்கிறது. அதைச் சந்தா இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவரும் வழி 'டிடி ஃப்ரீ டிஷ்'. 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கிய இந்தச் சேவைக்கு மாதக் கட்டணம் இல்லை, ரீசார்ஜும் இல்லை. ஒருமுறை டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் வாங்கிப் பொருத்தினால் போதும். இரண்டும் சேர்ந்து பொதுவாக 2,000 ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். "ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்" என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உங்களிடம் பழைய டிஷ் இருப்பதால் செலவு இன்னும் குறையும். தனியார் நிறுவனத்தின் பாக்ஸ் அந்த நிறுவனத்தின் சந்தாவோடு பிணைந்தது; அது இதற்கு உதவாது. ஆனால் குடை போன்ற அந்தத் தட்டையும், அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற உறுப்பையும் துரு ஏறாமல் இருந்தால் பெரும்பாலும் அப்படியே பயன்படுத்தலாம். திசையை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். புதிய பாக்ஸ் வாங்கும்போது 'எம்பெக்-4' (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) வகைதானா என்று கேட்டு வாங்குங்கள், ஏனெனில் பழைய எம்பெக்-2 பாக்ஸில் எல்லாச் சேனல்களும் வருவதில்லை. ஆன்டெனாவிலிருந்து இறங்கும் பழைய தட்டை வயர் இதற்குப் பயன்படாது; டிஷ்ஷுக்கென்று விற்கும் உருண்டைக் கேபிள்தான் வேண்டும். உங்கள் டிவி பழைய பெட்டி வகையாக இருந்தாலும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிற ஏ.வி. துளைகள் இருந்தால் போதுமானது. அண்மையில் வந்த சில டிவிகளில் செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளேயே இருப்பதால் பாக்ஸே தேவைப்படாது என்பதையும் கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

திசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலைக்கிராமத்தில் வெற்றியும் தோல்வியும் இதில்தான் இருக்கின்றன. ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. உங்கள் ஊரிலிருந்து நேர்கிழக்கைப் பார்த்து நின்று, அங்கிருந்து தெற்குப் பக்கமாக ஏறக்குறைய 32 பாகை திரும்பினால் அதன் திசை கிடைக்கும். அடிவானத்திலிருந்து 68 பாகை அளவுக்கு, அதாவது உச்சிக்குச் சற்றே கீழே, அது இருக்கிறது. கொடைக்கானல் கோபுரத்திலிருந்து வந்த தரைவழி அலையை இடையில் உள்ள ஒரு மலைமுகடு மறைத்துவிடும். இத்தனை உயரத்திலிருந்து இறங்கும் அலையை முகடு மறைப்பது அரிது என்பதால், முன்பு ஆன்டெனாவே எடுபடாத பள்ளத்து வீடுகளிலும் இப்போது படம் தெளிவாக வரும். உங்களுக்கு உண்மையான இடையூறு காப்பித் தோட்டத்து நிழல் மரங்கள்தாம். சில்வர் ஓக் கிளை ஒன்று அந்தத் திசையில் நின்றாலே போதும், கோடைக்காலத்தில் ஒழுங்காக வந்த படம் இலை நனைந்த நாளில் உடையத் தொடங்கும். எனவே கூரையை விட்டு, வானம் திறந்திருக்கும் களத்து ஓரத்தில் ஒரு கான்கிரீட் கட்டையில் டிஷ்ஷைப் பதித்தாலும் தவறில்லை. ஆட்டம் இல்லாமல் நிற்பதுதான் முக்கியம். கனமழையின்போது சில நிமிடங்கள் படம் போவதும், மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியை ஒட்டியும் சில நாட்கள் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர்ப்பின்னால் வரும் சிறு பொழுதில் படம் மறைவதும் இயல்பானவை. அப்போது டிஷ்ஷைத் திருப்பிவிடாதீர்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்வது நல்லது. ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கான இடங்கள் ஏலத்தில் விற்கப்படுவதால் அவற்றில் இந்திச் சேனல்களே மிகுதி. தமிழ்நாட்டு வீடுகளில் வழக்கமாகப் பார்க்கும் தனியார் சேனல்கள் பெரும்பாலும் அதில் கிடைக்காது. தென்மாவட்டக் கிராமங்களுக்கு இது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். ஆனால் டிடி தமிழ், 2015 மே 26 அன்று தொடங்கிய டிடி கிசான், ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்கள், வானொலி நிலையங்கள் ஆகியவை உண்டு.

கிரிக்கெட்டைப் பொறுத்தவரை சந்தா டிஷ்ஷைவிட உங்களுக்கு இதுவே மேல். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய அணி ஆடும் ஒருநாள், இருபது ஓவர் சர்வதேசப் போட்டிகள் போன்ற, தேசிய முக்கியத்துவம் உடையவையாக அறிவிக்கப்பட்ட ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும். அவ்வாறு பகிரப்படுவதைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐபிஎல் இந்தப் பட்டியலில் இல்லை.

பக்கத்து ஊரில் கேபிள் இருக்கிறது என்றால் அவர்களுக்கும் ஒரு செய்தி: 1995ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, அறிவிக்கப்பட்ட தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர் கட்டாயம் தர வேண்டும் என்கிறது. வரவில்லையென்றால் மாவட்ட ஆட்சியரிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். செல்பேசியில் பார்க்க விரும்பினால், 2024 நவம்பரில் பிரசார் பாரதி வெளியிட்ட 'வேவ்ஸ்' செயலி இருக்கிறது. மலையில் டேட்டா சீராகக் கிடைக்கும் இடங்களுக்கே அது பொருந்தும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நான் மிகவும் மதிப்பது இதையே. இந்தியாவில் விவசாயத் தொலைக்காட்சி 1967 ஜனவரி 26 அன்று டெல்லியைச் சுற்றிய 80 கிராமங்களுக்காக, ஊருக்குப் பொதுவான பெட்டிகளை நம்பித் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்த பிறகு, 'வயலும் வாழ்வும்' அதே வேலையைத் தமிழில் செய்தது. உழவர் கேட்டதற்கு விடை சொல்வதற்காகவே இந்த நிகழ்ச்சிகள் உருவாயின. ஆகையால் நீங்கள் கேட்பது சலுகை அன்று.

சென்னை, சேப்பாக்கம், சுவாமி சிவானந்தா சாலையில் உள்ள தூர்தர்ஷன் கேந்திரத்தின் வேளாண் நிகழ்ச்சிப் பிரிவுக்கு எழுதுங்கள். 'வாழை நோய்' என்று பொதுவாக எழுதாமல், விருப்பாட்சி மலைவாழையில் இலைகள் குறுகி உச்சியில் கொத்தாகத் திரளும் முடிக்கொத்து நோயா, வேறொன்றா என்று குறிப்பிடுங்கள். முடிக்கொத்து என்றால், அசுவினி பரப்பும் அந்த நச்சுயிரி நோய் எந்தக் கன்று வாங்கிய பிறகு வந்தது, எத்தனை தோட்டங்களில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானி ஒருவர் பேச இசைந்தால் அதையும் கடிதத்தில் தெரிவியுங்கள். பேசுவதற்கு ஆளும் காட்டுவதற்குத் தோட்டமும் ஆயத்தமாக இருக்கும் ஊருக்குப் படக்குழு வருவது எளிது. ஒருவர் கையெழுத்தைவிட உழவர் குழுவின் கடிதத்துக்கு எடை அதிகம். நியாயமான காலத்துக்குள் பதில் இல்லையென்றால், பிரசார் பாரதி தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால், 10 ரூபாய்க் கட்டணத்தில் கடிதத்தின் நிலையைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதுவரை நோய்க்கான உடனடி ஆலோசனைக்கு 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையத்தைக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம்.

கடிதத்தில் இன்னொன்றையும் எழுதுங்கள்: தோட்ட வேலை முடிந்து உங்கள் ஊரார் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள், எந்த நேரத்தில் மின்சாரம் இருப்பதில்லை என்பதை. மறு ஒளிபரப்பை எந்த நேரத்தில் வைப்பது என்று முடிவு செய்பவருக்கு, மலையிலிருந்து வேறு எவரும் அதைச் சொல்வதில்லை.