மூத்தவனுக்கு வந்த மஞ்சள் அடுத்த பிள்ளைக்கும் வருமா?

கேள்வி: மூத்த பேரனுக்குப் பிறந்த மூன்றாம் நாள் உடம்பு மஞ்சளானது. காலை வெயிலில் காட்டி, சீனித் தண்ணீர் புகட்டினோம். ஐந்தாம் நாள் பால் குடிக்காமல் வில்லாக வளைந்தான். இரண்டு வயதாகியும் கழுத்து நிற்கவில்லை, கை கால் முறுக்குகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை. மகளுக்கு இப்போது ஒன்பதாம் மாதம். அவள் ஓ பாசிட்டிவ், மருமகன் பி பாசிட்டிவ். அடுத்ததற்கும் இப்படி ஆகுமா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: மஞ்சள் மறுபடி வரலாம், அம்மா. மூளை பாதிக்காமல் தடுத்துவிடலாம். குழந்தையின் ரத்தமும் பி வகையாக இருந்தால், ஓ வகைத் தாயிடமிருந்து வரும் எதிர்ப்பொருள் அதன் சிவப்பணுக்களை உடைக்கலாம். அப்போது பெருகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளைப் பிஞ்சுக் கல்லீரலால் கழிக்க முடியாது. அளவு மீறினால் அது மூளையில், அசைவையும் கேட்பதையும் நடத்தும் இடங்களில் படிகிறது. அந்தச் சேதத்தைச் சரிசெய்ய முடியாது.

பிரசவத்துக்குச் சேர்க்கும்போதே மூத்தவனின் கதையைச் சொல்லிவிடுங்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் குரூப்பும், சிவப்பணுவில் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் கூம்ப்ஸ் சோதனையும் பார்க்கக் கேளுங்கள். மஞ்சள் உச்சத்துக்குப் போவது 3 முதல் 5 நாளில். பல தாய்மார்கள் அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஆகவே பிலிருபின் அளவு பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம்; மறுபடி காட்டும் தேதியையும் எழுதி வாங்குங்கள். அந்த அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்; எத்தனையாவது நாள் என்பதையும் பாருங்கள். நிறைமாதக் குழந்தைக்கு ஐந்தாம் நாளில் 12 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) என்பது பெரும்பாலும் கவனித்துக்கொள்ளும் அளவு. முதல் நாளிலேயே 12 என்றால் ஆபத்து.

வீட்டில் பகல் வெளிச்சத்தில் நெற்றி, நெஞ்சு, உள்ளங்காலை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். டியூப்லைட் ஏமாற்றும். முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலும், என்றைக்கானாலும் உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பால் குடிக்க எழுப்பியும் எழவில்லை, கீச்சென்று அழுகிறது, முதுகு வளைகிறது என்றால் 108.

வெயில் மருந்தாகாது. மருத்துவமனையில் வைக்கும் நீல விளக்கின் ஒளி பிலிருபினை மாற்றி, மலத்திலும் சிறுநீரிலும் வெளியேற்றும். அதற்கும் அடங்காவிட்டால் ரத்தத்தையே மாற்றுவார்கள். சீனித் தண்ணீர் தாய்ப்பாலைக் குறைக்கும். மலம் குறைந்தால் பிலிருபின் குடலிலிருந்து ரத்தத்துக்கே திரும்பும். நாளுக்கு 8 முதல் 12 தடவை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். கீழாநெல்லிச் சாறும் வேண்டாம்.

பேரனுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் தரும் பதிலைப் பதியும் 'பெரா' செவிச் சோதனை செய்யுங்கள். இவ்வகைப் பாதிப்பில் காது சரியாக இருந்தும் நரம்பு ஒலியை மூளைக்குச் சரியாகக் கொண்டுபோகாமல் இருக்கலாம். எளிய சோதனையில் தப்பிவிடும். இயன்முறைப் பயிற்சியையும் இப்போதே தொடங்குங்கள்.

இன்னொன்று: பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய வேட்டியில் பிள்ளையைச் சுற்றாதீர்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும் குழந்தைக்கு அந்த நெடியே ரத்தத்தை உடைக்கலாம்.