தரையில் கயிற்றை அறுக்கும் கம்பி உயரத்தில் அறுக்காதது ஏன்?

கம்பியை விட்டுவிடுங்கள், மாற்ற வேண்டியது மின்கலத்தை. பலூனையும் கருவிப்பெட்டியையும் பிணைக்கும் நைலான் கயிற்றைத் தரையில் மூன்று நொடியில் அறுத்த நிக்ரோம் கம்பி (மின்சாரம் பாய்ந்தால் சூடாகும் உலோகக் கம்பி), 18 கிலோமீட்டர் உயரத்தில் கட்டளை போயும் சும்மா இருந்தது என்கிறீர்கள். குளிரில் கம்பி சூடேறவில்லை என்றுதான் முதலில் தோன்றும்; எனக்கும் ஒருமுறை தோன்றியது. உண்மை தலைகீழ். அங்கே காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். வெப்பத்தைக் கடத்திச்செல்லக் காற்று குறைவு என்பதால், அதே மின்னோட்டத்தில் கம்பி கூடுதலாகவே சூடாகும்.

குளிர் தாக்குவது ஆல்கலைன் செல்களை. உள்மின்தடை ஏறிவிடும், கம்பி மின்னோட்டத்தை இழுத்ததும் மின்னழுத்தம் சரியும். கட்டுப்பாட்டுப் பலகைக்கும் அதே செல்கள் என்றால், அந்த நொடியே அது மறுதொடக்கம் ஆகி, கம்பிக்கான மின்சாரமும் நின்றுவிடும். உங்கள் சிக்கல் இதுவாகத்தான் இருக்கும்.

செல்களை உறைபெட்டியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். எடுத்தவுடன் கம்பியை இணைத்து, அது சூடாகும்போதே மின்னழுத்தத்தை அளவிடுங்கள். கம்பி இல்லாமல் அளந்தால் எண் அழகாக இருக்கும், பயன் இருக்காது. இங்கேயே, வெறும் -18 பாகையில், தடுமாறினால் மேலே நம்பிக்கை வேண்டாம். -40 பாகை வரை இயங்கும், மறுமின்னேற்றம் செய்ய முடியாத லித்தியம் செல்களை நுரைப்பெட்டிக்குள் வையுங்கள். கம்பிக்குத் தனி மின்கலம்.

ஒரு எச்சரிக்கை: நல்ல மின்கலம் வந்ததும், மெலிந்த காற்றில் கயிற்றுக்கு முன் கம்பியே எரிந்து அறுந்துபோகலாம். மின்னோட்டத்தைக் குறுகிய துடிப்புகளாகக் கொடுங்கள்.