உளவியல் முதல் செமஸ்டரில் அரியர்: அஞ்சல் வழிக்கு மாறலாமா?

கேள்வி: என் மகள் கோத்தகிரி பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் வணிகவியல் படித்தாள். இப்போது கோவையில் பி.எஸ்சி. உளவியல் முதலாண்டு. பொது உளவியல் தாளில் அரியர் விழுந்துவிட்டது. “மூளை, நரம்பு எதுவும் மண்டையில் ஏறவில்லை” என்கிறாள். மேட்டுப்பாளையத்தில் ஓர் ஆலோசகர், “அஞ்சல் வழிக்கு மாற்றிவிடுகிறேன். ஆறு மாத கவுன்சலிங் டிப்ளமோவும் சேர்த்து 45,000 ரூபாய். முடித்ததும் ஆஸ்பத்திரியில் சைக்காலஜிஸ்ட் வேலை” என்கிறார். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ஒரு தாளில் அரியர் என்பது அடுத்த முறை எழுதித் தேறக்கூடிய விஷயம். அதற்காகப் படிப்பையே மாற்ற வேண்டாம்.

முதலில் பாடத்தைப் பார்ப்போம். மூளைப் பகுதிதான் வணிகவியல் பிள்ளைகளை மிரட்டுகிறது. தேர்வுக்கு இரண்டு படங்கள் கைவந்தால் பாதி பயம் போய்விடும். ஒன்று நரம்புச்செல்: டென்ட்ரைட், செல் உடல், ஆக்சான், மயலின் உறை. இன்னொன்று பெருமூளையின் நான்கு மடல்கள்: முன்பக்கம் திட்டமிடலும் அசைவும், மேல்பக்கம் தொடு உணர்வு, பக்கவாட்டில் கேட்டல், பின்பக்கம் பார்வை. புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் வரையட்டும். மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் வரையட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பது படித்துவிட்டோம் என்ற நினைப்பை மட்டுமே தரும். நினைவிலிருந்து எடுத்தெழுதும்போதுதான் பாடம் நிற்கும்.

கற்றல் பாடத்தில், மணியோசைக்கே எச்சில் ஊறப் பழகிய பாவ்லோவின் நாயை மனப்பாடம் செய்வதைவிடக் கோத்தகிரி பஸ்ஸை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வளைவுகளில் பஸ் ஆட, குமட்டுகிறது. அது இயல்பான தூண்டலும் துலங்கலும். கூடவே டீசல் வாடை. நாலு பயணத்துக்குப் பிறகு, நிற்கும் பஸ்ஸின் டீசல் வாடைக்கே குமட்டினால் அது ஆக்கநிலையுறுத்தல். மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் வேறு. எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதிவிடுகிறார்கள். உறைபனிக் காலையில் ஸ்வெட்டர் போட்டதும் குளிர் விலகுகிறது. அதனால் நாளையும் போடுகிறோம். தொல்லை நீங்கியதால் செயல் கூடுகிறது, எனவே வலுவூட்டல். தண்டனை செயலைக் குறைக்கும். இந்த ஒரு வேறுபாட்டுக்கே அவளாக ஐந்து உதாரணம் எழுதிப் பார்க்கட்டும்.

இனி அந்த ஆலோசகர். யூ.ஜி.சி. என்னும் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலை அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டது. 2021ஆம் ஆண்டு துணை மருத்துவப் பணிகள் சட்டத்துக்குள் உளவியலும் வருவதே காரணம். ஆக, அவர் விற்பது இப்போது இல்லாத சேர்க்கை. இதில் ஒரு விலக்கு உண்டு; அதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள், கவனமாகப் படியுங்கள். பல பாடப் பிரிவுகளோடு அஞ்சல் வழியில் நடக்கும் பி.ஏ. போன்ற பட்டம் இருந்தால், அந்தப் பட்டம் முழுதும் நிற்காது. உளவியல் பிரிவு மட்டும் நீங்கும், வரலாறோ ஆங்கிலமோ தொடரும். “பி.ஏ. அஞ்சல் வழியில் இன்னும் இருக்கிறது, யூ.ஜி.சி. தளத்திலேயே பாருங்கள்” என்று அவர் காட்டும் பக்கம் உண்மையாகவே இருக்கலாம். பட்டத்தின் பெயரோடு நிற்காமல், அந்த ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்ட பிரிவுகளில் உளவியல் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது.

ஆறு மாத டிப்ளமோ யாரையும் மருத்துவ உளவியலாளர் ஆக்காது. அதற்கு ஆர்.சி.ஐ. என்னும் இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் பதிவு எண் பெற வேண்டும். “டிப்ளமோ முடித்தால் ஆர்.சி.ஐ. பதிவு எண் கிடைக்கும் என்று எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள், பேச்சு மாறும். எக்காரணம் கொண்டும் அசல் மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் அவரிடம் கொடுக்காதீர்கள். பல குடும்பங்கள் பணத்தைவிடச் சான்றிதழை மீட்கத்தான் அதிகம் அலைகின்றன.

பள்ளியில் உளவியல் என்ற சொல்லையே காட்டாமல் அனுப்பிவிட்டு, கல்லூரியின் முதல் நாளே ஆங்கிலப் பாடநூலைத் தலையில் வைப்பது அநியாயம். ஒரு மாத இணைப்பு வகுப்பு நடத்தப் பெரிய நிதி தேவையில்லை, ஆனாலும் பல இடங்களில் நடத்துவதில்லை. இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

மொழிதான் தடை என்றால் இன்னொரு வழி உண்டு. ஆங்கில வழிப் பாடமானாலும் மாணவர் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் யூ.ஜி.சி. பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோள்தான், கட்டாயமில்லை. எனவே தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே துறைத்தலைவர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு மகள் மனு கொடுக்கட்டும். எழுத்தில் ஒப்புதல் வந்த பிறகே தமிழில் எழுதலாம். கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் எழுதிவிடச் சொல்லுங்கள், திருத்துபவருக்குக் குழப்பம் இருக்காது.