மறுபடி ஒன்றிலிருந்து

தோக்கியோவின் நிஷி-கசாய்க்கு வந்து நாலு மாதம் ஆகிறது, தோசாய் தட ரயில் நெரிசல், ஜப்பானிய மொழிக் கூட்டங்கள், இரவில் ஊரிலிருந்து வரும் அழைப்புகள் என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது, எதிலும் கவனம் நிற்கவில்லை, இங்குள்ள கோயில்களில் ஸாஸென், அதாவது ஸென் பௌத்தர்களின் தியானம், உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. கட்டாயம் பாருங்கள். என்னை இந்த ஊரில் நிலைக்க வைத்தது அதுதான்.

நான் வந்தது 2009இல். கூட்டத்தில் ஒரு சொல் புரியாவிட்டால் மனம் அதிலேயே சிக்கிக்கொள்ளும்; அதற்குள் பேச்சு நாலு வாக்கியம் தாண்டியிருக்கும். ஒருநாள் மேலாளர் என் பெயரைச் சொல்லிக் கேட்டதே காதில் விழவில்லை. நிமிர்ந்தால் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் ஒன்றும் கேட்காமல், அந்த வார இறுதியில் என்னைக் காமகுராவிலுள்ள எங்காகுஜிக்கு அழைத்துப் போனார்.

1282இல் அன்றைய ஆட்சியாளர் ஹோஜோ தொகிமுனே கட்டிய கோயில் அது; ஸென் பௌத்தத்தின் ரின்ஸாய் மரபைச் சேர்ந்தது. மங்கோலியர் ஜப்பான்மீது படையெடுத்த போரில் இறந்த இரு தரப்பாருக்காகவும் கட்டியது. நாவலாசிரியர் நத்சுமே சோசெகி, எழுத்தாளர் ஆவதற்கு முன், 1894 கடைசியில் மனம் அலைக்கழிந்த நாட்களில் இங்கே வந்துதான் உட்கார்ந்தார்.

உட்காரும் முறை நம் ஊர்த் தியானம் போல இருக்காது. கண்ணை மூடக்கூடாது; பாதி திறந்து, ஒரு மீட்டர் தள்ளித் தரையைப் பார்க்க வேண்டும். மூடினால் தூக்கம் வரும், இல்லையென்றால் கற்பனை ஓடும். உருண்டையான மெத்தையின் முன்பாதியில் உட்கார்ந்தால் இடுப்பு உயர்ந்து, முட்டிகள் தரையைத் தொடும். முதுகு தானாக நேராகும். பிறகு மூச்சை எண்ணுவதுதான் வேலை. மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, இப்படிப் பத்து வரை. பத்து ஆனதும் மறுபடி ஒன்று.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். முதல் நாள் நான் மூன்றைத் தாண்டவில்லை. அப்புறம் ஒரு தடவை பார்த்தால் பதினேழில் இருக்கிறேன். எண்ணிக்கை தானாக ஓட, மனம் அலுவலகக் கோப்பில் இருந்தது. தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்படியில்லை தம்பி. பதினேழில் இருக்கிறோம் என்று தெரிந்து ஒன்றுக்குத் திரும்புகிற அந்தக் கணம்தான் பயிற்சி. கூட்டத்தில் புரியாத சொல்லை விட்டுவிட்டுப் பேசுகிறவரிடம் திரும்புவதும் அதே காரியம்தான். சில மாதங்களில் அது எனக்குக் கைகூடியது.

நான் தமிழில்தான் எண்ணுகிறேன். நாள் முழுக்க வேறு மொழியில் யோசித்த தலைக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அமர்வில் துறவி கையில் வைத்திருக்கும், தட்டுகிற கோலைப் பற்றிப் பயப்படாதீர்கள். பொதுமக்கள் அமர்வில் நாமே கைகூப்பிக் கேட்டால்தான் தோளில் அடிப்பார்கள். முன்னும் பின்னும் இருவரும் வணங்கிக்கொள்வோம். தண்டனை இல்லை, விழிப்பூட்டல். மதம் மாறச் சொல்வார்களோ என்று கேட்டீர்கள். என்னிடம் யாரும் சொன்னதில்லை. ஸென்னின் ஆதி குரு போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போனவர் என்றுதான் ஸென் மரபே சொல்கிறது. இங்கே அவர் பெயர் தாருமா. காஞ்சிபுரத்துக்காரர் என்று நாம் சொல்வோமே, அவரேதான்.

பழகிய பிறகு வீட்டில் காலையில் ஒரு சிறிய ஊதுபத்தியை ஏற்றி, அது எரியும் வரை உட்காருங்கள். செல்பேசி வேறு அறையில் இருக்கட்டும். கால் வலித்தால் நாற்காலி போதும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லையென்றால் முதலில் மருத்துவரிடம் போங்கள். மருத்துவத்துக்குப் பதிலாகத் தியானத்தை வைக்காதீர்கள்.

முதல் தடவை தனியாகப் பழக வேண்டாம், கூட்டமாக உட்காருங்கள். தோக்கியோ நிலையத்திலிருந்து யோகோசுகா தடத்தில் கிதா-காமகுரா ஒரு மணி நேரப் பயணம். இறங்கினால் கோயில் பக்கத்திலேயே. அமர்வு நாளை அவர்கள் இணையதளத்தில் பார்த்துச் சொல்லுங்கள்; நானும் வருகிறேன். தளர்வான முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தண்டவாளம் கோயில் முகப்பை ஒட்டியே போகிறது, உட்கார்ந்திருக்கும்போது ரயில் சத்தம் கேட்கும். கேட்கட்டும், நீங்கள் எண்ணிக்கொண்டே இருங்கள்.